சிரிப்பும் ஒரு தொழிலோ?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வேடமும் பக்கவாத்தியமும் இன்றி, மேடையிலே தனித்து நின்று, பேச்சினாலேயே சபையைச் சிரிக்கவைக்கும் கலைஞர்கள் மேனாடுகளிற் பலர். அதனையே தொழிலாகக் கொள்ள விரும்பும் வாலிபன் எவ்வாறு தொடங்குவது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். "உத்தியோகம் தேடவேண்டிய வயதிலே இதென்ன விசர் வேலை?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். எமது வீட்டிலும் அக்கேள்வி எழுந்ததுண்டு.

முதலில் எமது அனுபவத்தைக் கூறிவிடுகிறோம். சென்ற ஆண்டு விடுதி ஒன்றுகூடலில் ஐந்து நிமிடம் பேச எமக்கு வாய்ப்புக் கிடைத்தது. உடன் பயிலும் மாணவர் ஒருவரின் திக்குவாயை நடித்துக் காட்டினோம். மண்டபமே அதிர்ந்தது. அவர் மட்டும் பின்வரிசையிலிருந்து எழுந்து மெல்ல வெளியேறினார். மறுநாள் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் எம்மைச் சுடுகின்றது. அடுத்த முறை எவரையும் புண்படுத்தாது பேசினோம். ஒருவராவது சிரிக்க வேண்டுமே! பரிகாசம் எளிது, நகைச்சுவை அரிது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களங்கள் நான்கினுள் எள்ளலும் ஒன்று, பேதைமையும் ஒன்று. நாம் எள்ளலோடு நின்றுவிட்டோம். தன் பேதைமையைத் தானே சபைமுன் வைக்கத் துணிபவனே இத்துறையில் முதலடி எடுத்து வைப்பவன்.

இரண்டாவது அடி பொறுமை. அமெரிக்க நாட்டு ஸ்டீவ் மார்ட்டின் என்பாரைப் பாருங்கள். 1945 இற் பிறந்த இவர், 1955 இல் கலிபோர்ணியாவிலே டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது அங்கே வழிகாட்டிப் புத்தகம் விற்கும் சிறுவனாகச் சேர்ந்தார். பின்னர் அங்குள்ள மாயவித்தைக் கடையில் வேலைசெய்து, வித்தையோடு பேச்சையும் பழகினார். கல்லூரியிலே தத்துவம் பயின்றார். தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுதி 1969 இல் எம்மி விருதும் பெற்றார். எழுத்துவேலை கையில் இருந்தும், மேடையை நாடிச் சிறு சபைகளிலே மீண்டும் நின்றார். மேடையில் நின்ற பதினெட்டு ஆண்டுகளுள் பத்து ஆண்டுகள் கற்பதிலும், நான்கு ஆண்டுகள் செம்மை செய்வதிலும் கழிந்தன. பெரும்புகழ் நிலைத்தது எஞ்சிய நான்கு ஆண்டுகளே என்று 2007 இல் வெளிவந்த தமது நூலிற் கணக்குக் காட்டுகின்றார். 1981 இல் அம்மேடையை விட்டுத் திரைப்படத்துறையில் ஊன்றினார்.

ஊதியமும் எளிதில் வருவதன்று. 1972 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் தொடங்கிய 'கொமடி ஸ்டோர்' என்னும் அரங்கிலே இளங்கலைஞர்கள் கூலியின்றியே பேசிவந்தனர். 1979 இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்த பின்னரே கூலி கிடைத்தது. ஆதலின், நண்பர்களே, வேறொரு பிழைப்பைக் கைவிடாது இதனைத் தொடங்குவதே விவேகம்.

பெரியோருக்கும் ஒரு வார்த்தை. மார்ட்டினுடைய தந்தையார் வீடு நிலம் விற்கும் தொழிலர்; இளமையில் நடிகராக விரும்பியவர். மகனின் கலையை அவர் நெடுங்காலம் மெச்சவில்லை, குறையே கூறினார். இறுதிப் படுக்கையிலேதான், தாம் செய்ய விரும்பியவற்றையெல்லாம் மகன் செய்துவிட்டான் என்று வாய்திறந்தார். அந்த வார்த்தை இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வந்திருந்தால் அவ்வில்லம் எவ்வளவு மகிழ்ந்திருக்கும்!

ஆகவே எமது விண்ணப்பம் சிறியது. வரும் ஆண்டு விழாவிலே, பேச விரும்பும் வாலிபருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சிரிப்பு வராவிடினும் எழுந்து போகாதிருங்கள். பேசுபவர் எவரையேனும் புண்படுத்தினால் அன்றே அழைத்துக் கண்டியுங்கள். எம்மை எவரும் கண்டிக்கவில்லை, எல்லோரும் கைதட்டினார்கள். அதுவே எமக்கு நேர்ந்த கேடு.

அன்று வெளியேறிய அந்த நண்பர் இன்று இச்சபையில் முன்வரிசையில் வீற்றிருக்கின்றார். இவ்வுரையை முதலிற் படித்துத் திருத்தித் தந்தவரும் அவரே.