தசை வலிமையும் கிராம இளைஞரும்

(ஊராட்சி இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பகலெல்லாம் வயலில் உழைப்பவனுக்குத் தேகப் பயிற்சி எதற்கு என்று, இங்கு வரும் வழியில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதையே இன்று என் பேச்சாக வைத்துக் கொள்கிறேன்.

உழைப்பு வேறு; தசையை வளர்க்கும் பயிற்சி வேறு. நாள்தோறும் ஒரே மண்வெட்டியை வீசும் கை, அவ்வேலைக்குப் போதுமான வலிமையைச் சில மாதங்களில் பெற்று விடுகிறது. அதற்கு மேல் வளர வேண்டிய தேவை அதற்கு இல்லை, களைப்புத்தான் மிஞ்சுகிறது. பழக்கமில்லாத பளுவை எதிர்த்து இழுபடும் பொழுதே தசைநார் தடிக்கத் தொடங்குகிறது. மேலும், ஏற்றம் போய் மோட்டார் வந்தது. உலக்கை போய் அரவை ஆலை வந்தது. அவை வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உலக்கை பிடித்துக் காய்த்துப் போன என் தாயாரின் கைகளைப் பார்த்தவன் நான். ஆனால் தோளுக்கும் தொடைக்கும் அன்று தானாகவே கிடைத்த பளுவை இன்று நாம் தேடித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தென் மாவட்டங்களில் பல ஊர்களில் இளவட்டக்கல் கிடப்பதை அறிவீர்கள். பதினேழு வயதில், நண்பர்கள் கைதட்ட, நானும் ஒரு கல்லைத் தூக்கப் போனேன். முழங்கால் வரையில் வந்தது. பிறகு முதுகு பிடித்துக் கொண்டு ஒரு மாதம் கட்டிலில் கிடந்தேன். குற்றம் கல்லின் மேல் இல்லை. அது என்றைக்கும் அதே எடை. அது தேர்வுத் தாளே அன்றிப் பாடப் புத்தகம் அன்று. பாடம் படிக்காமல் தேர்வுக்குப் போனது என் தவறு.

பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பழைய கிரேக்கக் கதை ஒன்று உண்டு. மைலோ என்ற மல்லர் ஒரு கன்றை நாள்தோறும் தோளில் சுமந்தாராம். கன்று காளையாக வளர, அவர் வலிமையும் உடன் வளர்ந்ததாம். கதை எப்படியாயினும் கருத்து மெய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், முழங்கால் காயமுற்ற வீரர்களுக்கு இலேசான பளுவைப் பலமுறை தூக்கச் செய்யும் பழைய வழக்கத்தை விட்டு, கடினமான பளுவைச் சிலமுறை மட்டும் தூக்கச் செய்து, வாரந்தோறும் அதைக் கூட்டினார். வற்றிய தொடைகள் மீண்டும் திரண்டன. தம் முறையை 1945இல் அவர் வெளியிட்டார்.

இதை நம் தண்டாலுக்கும் பஸ்கிக்கும் பொருத்திப் பாருங்கள். நாளொன்றுக்கு இருநூறு தண்டால் எடுப்பதாக இம்மன்றத்தில் சிலர் பெருமை பேசுவதைக் கேட்டேன். அது மூச்சுக்கு நல்லது; தசை வளர்ச்சிக்குச் சுற்று வழி. முப்பதுக்கு மேல் எளிதாக வருமானால், கால்களைத் திண்ணையின் மேல் வைத்து எடுங்கள். பத்துப் பதினைந்திலேயே கை தளரும். இன்னும் இரண்டுதான் முடியும் என்னும் நிலையில் நிறுத்துங்கள். சற்று இளைப்பாறி, மீண்டும் ஒருமுறை. பஸ்கிக்கு ஒரு சாக்கில் மணல் கட்டித் தோளில் வையுங்கள். வாரந்தோறும் ஒரு படி மணல் சேருங்கள். வலுவான வேப்பங்கிளையில் தொங்கி மேலே எழும்புவதை விட்டுவிடாதீர்கள். முதுகுக்கு வேறு எதுவும் அவ்வளவு எளிதில் கிடைக்காது. இம்மூன்றுக்கும் அரை மணி நேரம் போதும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் செய்தால் போதும். தசை வளர்வது பயிற்சி வேளையில் அன்று, அடுத்த ஓரிரு நாள் ஓய்விலேதான்.

உணவின்றி இதைச் செய்வது விதைக்காத நிலத்திற்கு நீர் பாய்ச்சுவதாகும். கடையில் விற்கும் விலையுயர்ந்த மாவுகள் இல்லாமலே காரியம் நடக்கும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம், கொள்ளில் 22 கிராம். நாம் சோற்றை மலையாகக் குவித்துப் பருப்பைக் கண்ணில் காட்டுகிறோம். அதைச் சற்று மாற்றினால் போதும்.

பெரியோர்கள் இதெல்லாம் வாலிபர்களுக்கு என்று எழுந்து போய்விட வேண்டாம். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடினமான கால் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களது கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. முதுமையில் தசை கரைவதால்தான் கால் இடறுகிறது, இடுப்பு எலும்பு முறிகிறது. அதன்பின் பலர் எழுந்து நடப்பதில்லை. கை ஊன்றாமல் திண்ணையிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வதே பாட்டிமார்களுக்குப் பஸ்கி. உலகச் சுகாதார நிறுவனமும் வாரம் இரு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்று 2020இல் கூறியபோது, ஆண் பெண் என்றோ முதியவர் என்றோ விலக்கவில்லை.

இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். பளு தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். பள்ளிக்கூடத்தின் பின்புறம் இடம் தருவதாகத் தலைவர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளி மாலைகளில் நான் அங்கு இருப்பேன். ஆளுக்கு ஒரு பழைய சாக்கு கொண்டு வாருங்கள். மணல் அங்கேயே இருக்கிறது.