காற்றலை யாருக்குச் சொந்தம்?

(ஜொகூரில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய ஒரு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு சின்ன வானொலிப் பெட்டி இருக்கும். தொழிற்சாலை பஸ்ஸிலும் லோரியிலும் பாட்டு ஓடும். ஜொகூர் பாருவில் அந்தப் பெட்டியைத் திருகினால் என்ன தமிழ் கிடைக்கிறது? ஆர்.டி.எம்-இன் மின்னல் பண்பலை, ஆஸ்ட்ரோ குழுமத்தின் ராகா, நீரிணையைத் தாண்டி வரும் சிங்கப்பூரின் ஒலி 96.8. மூன்றும் நமக்கு வேண்டியவை. நம் பிள்ளைகளின் காதில் தமிழ் விழுவதற்கு அவையும் காரணம். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, நச்சுக் காற்று பரவி, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் ஒரு தாய்க்கு என்ன தெரிய வேண்டும்? எந்தச் சாலை மூடியிருக்கிறது? எந்த மண்டபத்தில் இடம் இருக்கிறது? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா? நாடு முழுவதற்கும் பேசும் நிலையம் நம் ஒரு தாமானுக்காக எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? சில கிலோமீட்டர் மட்டும் கேட்கும் சின்ன நிலையம் நாள் முழுக்க அதையே பேசலாம். "கைத்தொலைபேசி இருக்கிறதே" என்பீர்கள். மின்சாரம் போய், டேட்டாவும் தீர்ந்த பிறகு, இரண்டு பேட்டரி போட்ட வானொலிதான் பேசும்.

சரி, ஏன் நம்மிடம் அப்படி ஒரு நிலையம் இல்லை?

பண்பலை என்பது ஏறக்குறைய 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள ஒரு குறுகிய நிலம். நிலத்துக்குப் பட்டா தேவைப்படுவதுபோல் இதற்கும் அனுமதி தேவை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி தொடர்பு பல்லூடக ஆணையம் அலைவரிசைகளைக் கவனிக்கிறது. ஒலிபரப்புக்கான தனி உரிமத்தை அமைச்சர் வழங்குகிறார். பெரிய நிறுவனத்துக்குத் தைத்த சட்டை அது. நம்மைப் போன்றவர்களின் சிறு நிலையத்துக்கு அதில் அளவு இல்லை. ஜொகூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரும் பாத்தாமும் பக்கத்திலேயே இருப்பதால் ஒரே காற்றை மூன்று நாடுகள் பங்கு போடுகின்றன. இந்த நெருக்கடி உண்மைதான். ஆனால் "இடமே இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2000 ஜனவரியில் அந்நாட்டுத் தொடர்பு ஆணையம், 100 வாட்டுக்கு மேற்படாத சிறு பண்பலை நிலையங்களுக்கு அனுமதி தர முடிவு செய்தது. 100 வாட் என்றால் சுமார் ஐந்தாறு கிலோமீட்டர் கேட்கும். லாப நோக்கம் இல்லாத அமைப்புகளுக்கு மட்டுமே அந்த உரிமம். பெரிய நிலையங்களின் தேசிய ஒலிபரப்பாளர் சங்கம் பொங்கி எழுந்தது. "எங்கள் ஒலிபரப்பு கெட்டுவிடும்" என்று இரைச்சல் கலந்த ஒலித்தட்டை நாடாளுமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். அது உண்மை நிலை அல்ல என்று ஆணையத்தின் பொறியாளர்களே சொன்னார்கள். பொது வானொலியான என்.பி.ஆர்.கூட பெரியவர்கள் பக்கமே நின்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றம் கடிவாளம் போட்டது. பெரிய நகரங்களில் சின்ன நிலையத்துக்கு ஏறக்குறைய இடமில்லாமல் போனது.

அந்தச் சட்டமே ஓர் ஆய்வும் கேட்டிருந்தது. மைட்டர் என்ற நிறுவனம் அளந்து பார்த்தது. குறிப்பிடத்தக்க இடையூறு இல்லை என்று 2003இல் அறிக்கை வந்தது. ஆனாலும் தடையை நீக்கும் சட்டம் கையெழுத்தானது 2011 ஜனவரியில்தான். பத்து வருடம்! உண்மை மட்டும் போதாது, அதைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எது?

அந்தப் பத்து வருடத்துக்குள்ளும் கிடைத்த இடைவெளியில் நுழைந்தவர்கள் உண்டு. புளோரிடாவின் இம்மோக்கலி ஊரில் தக்காளி பறிக்கும் கூலித் தொழிலாளர்கள் 2003இல் சொந்த நிலையம் வைத்தார்கள். சம்பளம், உரிமை, புயல் எச்சரிக்கை, எல்லாவற்றையும் தங்கள் மொழியில் பேசினார்கள். வெட்டுமரத்திலும் செம்பனையிலும் உழைத்த நம் வயிற்றுக்கு அந்தக் கதை புரியாதா?

இந்தியாவைப் பாருங்கள். காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. முதலில் கல்வி நிலையங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் திறந்தது. 2008இல் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ வந்தது. 2016இல் பாம்பன் மீனவர்களுக்குக் கடல் ஓசை வந்தது. கடலுக்குப் போகிறவனுக்குக் காற்றின் வேகத்தை அவன் பேச்சிலேயே சொல்கிறார்கள்.

ஆகவே நம் மகஜரில் மூன்று கோரிக்கைகள் போதும். ஒன்று, லாப நோக்கமற்ற சிறு சமூக வானொலிக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு வேண்டும். எல்லா இனத்தாருக்கும் அது பொதுவாக இருக்கட்டும். இரண்டு, ஜொகூரில், குறிப்பாக எல்லையை விட்டு விலகிய சிகாமட், குளுவாங் பக்கத்தில், எந்த அலைவரிசை காலி என்பதை மக்களுக்குப் புரியும்படி அறிவிக்க வேண்டும். மூன்று, இடையூறு வரும் என்று யார் சொன்னாலும் அதை வெளிப்படையாக அளந்து காட்ட வேண்டும்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அனுமதியில்லாமல் யாரும் டிரான்ஸ்மிட்டர் வைக்காதீர்கள். அது குற்றம். 108க்கு மேலே விமானங்களின் அலைகள் இருக்கின்றன, சினாய் விமான நிலையம் நம் பக்கத்தில்தான். நாம் தவறினால் எதிர்ப்பவர்களுக்கு நாமே ஆயுதம் கொடுத்தவர்களாவோம். அதற்குப் பதிலாக இன்றே பழகுங்கள். பாட்டியின் தோட்டத்துக் கதையை ஒலிப்பதிவு செய்யுங்கள். வெள்ள அறிவிப்பை மலாயில் படித்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நாளை கதவு திறக்கும்போது பேச வாய் தயாராக இருக்கட்டும்.

மகஜரில் கையெழுத்துப் போட்டு, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள். கேட்காத உரிமை வீட்டுக்கு வந்து சேராது.