கடல் தாண்டி வரும் உதவி லயத்து வாசலுக்கும் வர வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் நமது சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஆற்றிய உரை)



நாடுகளுக்கிடையிலான சுகாதார ஒத்துழைப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பு ஹோட்டலில் கூட்டம் போட்டுப் பேசுகிற விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இதில் நமக்கு நூறு வருசத்து அனுபவம் இருக்கிறது.

நம்முடைய பாட்டன் பூட்டன்மார் இங்கே வரும்போது இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டார்கள். முகாம் இருந்தது இந்திய மண்ணில். நடத்தியது இலங்கை அரசாங்கம். சில நாள் தனியாக வைத்து, அம்மை குத்தி, வாந்திபேதி இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். அதுவும் எல்லை தாண்டிய சுகாதார வேலைதான். ஆனால் நோய் நாட்டுக்குள் வரக்கூடாது, தோட்டத்தில் வேலை நிற்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். இங்கே வந்த பிறகு, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. மற்றவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலை, நமக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி என்று வழி இரண்டானது. பிற்காலத்தில் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. பல டிஸ்பென்சரிகள் இன்றும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அண்மைக் காலத்தைப் பாருங்கள்.

2021 ஜனவரியில் கொவிட் தடுப்பூசி முதன்முதலாக நாட்டுக்கு வந்தது. இந்தியா 5 இலட்சம் ஊசிகளை நன்கொடையாகத் தந்தது. பிறகு இந்தியாவிலேயே நோய் பயங்கரமாகப் பரவ, அங்கிருந்து ஊசி வருவது நின்றுபோனது. முதல் ஊசி போட்ட சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்காகக் காத்திருந்தார்கள். யூலை இறுதியில் ஜப்பான் அதே வகை ஊசியை அனுப்பிய பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. இதற்கிடையில் சீனாவின் ஊசியும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வீட்டில் தீப்பிடித்தால் நமக்குத் தண்ணீர் தர முடியாது. ஒரே வீட்டை நம்பியிருக்கக் கூடாது என்பதை அப்போது நாடே படித்துக்கொண்டது.

2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. பேராதனை வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்கும் நிலை வந்தது. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து முதல் கப்பலில் 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து வந்தன. நன்றியோடு நினைக்க வேண்டிய உதவி. ஆனால் மருந்து கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியவுடன் உங்கள் டிவிசனுக்கு வந்துவிடுவதில்லை. வெளிநாட்டு மருந்து அரசாங்கக் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து அரசாங்க வைத்தியசாலைகளுக்குப் போகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத டிஸ்பென்சரிக்கு அது எந்த வழியால் வரும்?

1990 அம்புலன்ஸும் இப்படித்தான். இந்திய நன்கொடையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் 297 வண்டிகளாக விரிந்தது. காசில்லாத சேவை. டிக்கோயாவில் 150 கட்டில் கொண்ட வைத்தியசாலையும் இந்திய உதவியால் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. ஆனால் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பாட்டிக்கு நெஞ்சுவலி வந்த இரவு, அம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நின்றது. தோட்டத்து ரோட்டில் அதனால் ஏற முடியவில்லை. நாலு பையன்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வண்டி வர எடுத்த நேரத்தை விட நாற்காலி இறங்க எடுத்த நேரம் கூட. பாட்டி பிழைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை பேரை விட முடியும்?

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலைநாடே சரிந்தது. நாட்டில் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. பல நாடுகள் உதவின. இந்திய இராணுவம் மகியங்கனையில் கள வைத்தியசாலை அமைத்தது. ஆனால் ரோடு உடைந்து துண்டிக்கப்பட்ட லயத்தில் இருந்தவர்களை முதல் நாட்களில் காப்பாற்றியது பக்கத்து லயத்துக்காரர்கள்தான். வெளியிலிருந்து ஆட்கள் வருவதற்கு முந்திய அந்த நாட்களுக்கு நாம்தான் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எல்லாம் குறையென்று சொல்ல மாட்டேன். மலேரியாவைப் பாருங்கள். 2012க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய நோயாளி இல்லாததால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. வெளி நாடுகள் பணமும் அறிவும் தந்தன. ஆனால் கிராமம் கிராமமாகப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தது நமது நாட்டுச் சுகாதார ஊழியர்கள். உள்ளே ஆளும் ஒழுங்கும் இருந்ததால்தான் வெளி உதவி பலித்தது. இன்று நோய் வருவதென்றால் பயணிகள் மூலம்தான். ஆகவே இந்தியாவுக்கு யாத்திரை போனவர்கள், மலேரியா உள்ள வேறு நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள், திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் எங்கே போய் வந்தோம் என்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தோழர்களே, சங்கம் கேட்க வேண்டியது மூன்று. தோட்ட டிஸ்பென்சரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்று, அரசாங்க மருந்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அம்புலன்ஸ் ஏறக்கூடிய ரோடு ஒவ்வொரு டிவிசனுக்கும் வேண்டும். நமது பகுதிகளுக்குத் தமிழ் பேசும் மருத்துவமாதுகளும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் வேண்டும். சம்பளம் பற்றிப் பேசும்போது இதையும் மேசையில் வைக்க வேண்டும். அடுத்த நாடு எதையாவது தருவதாகப் பேச்சு வரும்போது, அதில் தோட்டத்துக்கு என்ன பங்கு என்று அன்றைக்கே கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

நாமே செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாக ஒரு கொப்பி எழுதுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் யார், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து குடிப்பவர்கள் யார், நடக்க முடியாதவர்கள் யார், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எந்த வீட்டை முதலில் காலி செய்வது, எந்தக் கட்டிடத்துக்குப் போவது, தூக்கிச் செல்லப் போகும் நாலு பேர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். 1990ஐ அழைக்கும்போது வண்டி எந்தச் சந்தியில் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். என் வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாதர் சங்கத் தலைவிகள் இந்தக் கொப்பியைப் பொறுப்பெடுத்தால் வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசனும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம்.