டார்கெட் போட்ட தெரு

நான் வங்கியில கணக்கு எழுதுறவன். மேலே டார்கெட் வச்சா கீழே யார் கழுத்து நெரியும் என்று எனக்குத் தெரியும்.

1994இல் நியூயார்க் போலீஸ் 'காம்ஸ்டாட்' என்ற திட்டமிடல் முறையைக் கொண்டுவந்தது. வாராவாரம் கூட்டம். வரைபடத்தில் குற்றப் புள்ளிகள். பதில் சொல்லத் திணறும் வட்டார அதிகாரிக்கு எல்லார் முன்னாலும் வசவு. அப்புறம் அவர் காட்டுகிற எண் எங்கேயிருந்து வரும்? தெருவில் நடக்கிறவன் சட்டைப்பையிலிருந்துதான்.

2011இல் மட்டும் 6,85,000 தடவைக்கு மேல் ஆட்களை நிறுத்தினார்கள். பாதிக்கு மேல் கறுப்பர்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேரை, வழக்கில்லாமல், 'போ' என்று விட்டார்கள். எங்க பேரேட்டில் இத்தனை தப்பு விழுந்தால் வேலை போயிடும். அங்கே அதுக்குப் பேர் உழைப்பு.

2013இல் நீதிபதி ஷிரா ஷெயிண்ட்லின், அவர்கள் நிறுத்திய விதம் அரசியல் சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தார். 2014இல் நிறுத்தல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. கொலை? 2011இல் 515. 2014இல் 333.