பெயர் வேறு, தகுதி ஒன்று



அரசாங்க உத்தியோகத்திற்கு இன்ன பட்டம் வேண்டுமென்று விளம்பரம் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளையோ, ஏறக்குறைய அதே பாடங்களைப் பயின்றிருந்தும், அவன் பயின்ற சர்வகலாசாலை அப்பட்டத்திற்கு வேறு பெயர் சூட்டியிருப்பதனால், விண்ணப்பம் செய்யலாமா கூடாதா என்று தயங்கி நிற்கிறான். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஓர் ஏற்பாடு இருக்கிறது.

1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரகாரம் அமைந்தது தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம். அதன் பல காரியங்களுள் ஒன்று, பட்டங்களின் இணைத்தன்மையை ஆராய்வது. இரு பட்டங்களின் பாடத்திட்டங்களையும் நிபுணர்கள் அருகருகே வைத்து ஒப்புநோக்கி, சாரம் ஒன்றுதானா என்று நிதானித்துச் சிபாரிசு செய்ய, அதன்மேல் அரசாங்கம் ஆணை பிறப்பிக்கிறது.

சந்தையிலே எடைக்கல் பித்தளையாகவும் இருக்கலாம், இரும்பாகவும் இருக்கலாம். ஆனால் எடையைச் சோதித்து முத்திரை குத்திய கல்தானே செல்லுபடியாகும்? பட்டமும் அப்படித்தான். பெயரன்று, உள்ளே இருக்கும் பாடமே பிரதானம். அதற்கு அரசாணையே முத்திரை.

ஒன்றை மறந்துவிடலாகாது. இணை என்றும் ஆணை வரும். இணையன்று என்றும் ஆணை வரும். ஆகையால், பட்டத்தின் பெயர் மாறுபட்டிருந்தால், விண்ணப்பத்தின் கடைசி நாள்வரை காத்திராமல், அதற்கு இணைத்தன்மை ஆணை உண்டா என்று முன்னதாகவே விசாரியுங்கள். கல்லூரியில் சேருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது அதனினும் உத்தமம்.