ஆப் யார் கையில், ரேட் அவர் கையில்!

(தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் சேரப்பணஞ்சேரி தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். படிங்க, பகிருங்க.)



நம்ம வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுல ஷிப்ட் மாறுற நேரம் நின்னு பாருங்க. கம்பெனி பஸ், வேன், ஷேர் ஆட்டோ, நடுவுல முதுகுல பெட்டியோட டெலிவரி தம்பிங்க. ஒரகடம் கம்பெனியில வேலை செய்யுறவருக்கு ஒரு சூப்பர்வைசர் உண்டு. முகம் தெரியும், நேர்ல போய்க் கேட்கலாம். டெலிவரி தம்பிக்கு சூப்பர்வைசர் யாரு? போனுக்குள்ள ஓடுற ஒரு கணக்கு. ரேட் ஏன் குறைஞ்சது, ஐடி ஏன் பிளாக் ஆச்சுன்னு கேட்க எதிர்ல ஆளே இல்ல.

இதுக்கு மாற்று இருக்கான்னு கேட்டா, பெங்களூரைப் பாருங்க.

2022 நவம்பரில் அங்கே ‘நம்ம யாத்ரி’ வந்தது. ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் ஒரு மென்பொருள் நிறுவனமும் கைகோத்துக் கொண்டுவந்த ஆப். கமிஷன் கிடையாது. பயணி கொடுக்கிற காசு நேரா ஓட்டுநர் கையில. 2023-ல் கட்டணம் வந்தப்பவும் நாளுக்கு 25 ரூபாய்தான். அதோட கோடை யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம்.

இதுக்கு அடியில இருக்கிறது திறந்த நெட்வொர்க். ஈமெயில் மாதிரி. ஜிமெயில்ல இருந்து யாஹூவுக்கு மெயில் போகுது இல்லையா? ஆனா உபேர்ல இருக்கிற பயணி ஓலா ஓட்டுநரைக் கூப்பிட முடியாது. அந்தச் சுவரை இடிக்கிறதுதான் பரவலாக்கப்பட்ட தொழில்நுட்பம்.

பலன்? 2025 பிப்ரவரியில் உபேரே ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுட்டு, சந்தா முறைக்கு மாறியது. ஓட்டுநர் மேல திடீர் பாசமா? இல்ல. பக்கத்துலயே மாற்றுக் கடை திறந்தாச்சு, அதான்!

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். 2024-ல் நம்ம யாத்ரி நிறுவனத்திலும் கூகுள் முதலீடு செஞ்சது. கோட் திறந்திருக்கு, முதலாளி மாறலாம். அதனால ஆப் மட்டும் நம்மைக் காப்பாத்தாது.

பக்கத்துல சுங்குவார்சத்திரத்தையே எடுத்துக்கோங்க. 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாச்சு. அதை எந்த ஆப்பும் வாங்கித் தரல. ஒண்ணா உட்கார்ந்தாங்க, வாங்கினாங்க. டெலிவரி தம்பிக்கு உட்கார ஒரு கேட்டே கிடையாது. அவருக்குச் சட்டம்தான் கேட்.

கர்நாடகா 2025-ல் சட்டம் போட்டிருக்கு: ஐடியை முடக்கணும்னா எழுத்துல காரணம் சொல்லணும், 14 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். தமிழ்நாட்டுல 2023-ல் கிக் தொழிலாளர் நல வாரியம் வந்தது, நல்லது. நலத்திட்டத்தோட நிற்கக் கூடாது. நாம கேட்கிறது மூணு:

1. ரேட் எப்படிக் கணக்காகுதுன்னு தமிழ்ல வெளியிடணும்.
2. ஓட்டுநர் உழைச்சு வாங்கின ரேட்டிங் ஓட்டுநருக்கே சொந்தம். ஆப் மாறினாலும் கூட வரணும்.
3. கூட்டுறவுச் சங்கங்கள் திறந்த நெட்வொர்க்கில் சொந்த ஆப் நடத்த அரசு கை கொடுக்கணும்.

ஆவின் பால் கூட்டுறவுல வருது. ஆட்டோ சவாரி வரக் கூடாதா?

காரணம் சொல்லாம உங்க ஐடியை முடக்கியிருந்தா கமெண்ட்ல எழுதுங்க. தேதி போதும், பேர் வேண்டாம். தொகுத்து மனுவாக் கொடுப்போம்.



#உழைப்புநமது_ஆப்பும்நமது