கணினியில் ஒரு குடவோலை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, நம் மாணவர்களுக்கு 'ஆர்' சொல்லித்தர உத்திரமேரூருக்கு வந்தேன். 'ஆர்' என்பது புள்ளிவிவரக் கணக்குக்கான கணினி மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. காசு கிடையாது, லைசென்ஸ் கட்டணம் கிடையாது. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் வந்தேன். பாடம் நடக்கவே இல்லை. இன்ஸ்டால் செய்வதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது.

ஆர் மட்டுமே சுமார் 80 எம்.பி. ஆர்-ஸ்டூடியோ அதைவிடப் பெரிசு. இருபத்திரண்டு பேரும் இரண்டு செல்போன் இணைப்பில் ஒரே நேரத்தில் இறக்கினால் என்ன ஆகும்? போதாக்குறைக்குப் பாதிப் பேர் ஆர்-ஸ்டூடியோவை மட்டும் போட்டுவிட்டு, "ஆர் இல்லைன்னு சொல்லுது சார்" என்றார்கள். ஆர்தான் இன்ஜின், ஆர்-ஸ்டூடியோ டிரைவர் சீட். இன்ஜின் இல்லாத பஸ்ஸில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்த கதை. முதலில் ஆர், பிறகுதான் ஆர்-ஸ்டூடியோ. இதை நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மாணவி அண்ணனுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டு வந்திருந்தார். அதில் 32 பிட் விண்டோஸ். 2022இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து ஆர் அதில் ஏறாது. முந்தைய 4.1.3 ஏறும். எனக்கே அன்று அது தெரியாது. "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்று மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். தப்பு அவருடையதா?

அடுத்த முறை எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தேன், 4.1.3 உட்பட. அரை மணியில் வேலை முடிந்தது. முதல் நாள் கூடுதல் பேக்கேஜ் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சராசரி, இடைநிலை, வரைபடம் எல்லாம் ஆரிலேயே இருக்கிறது. பின்னால் பேக்கேஜ் வேண்டுமென்றால், இன்ஸ்டால் செய்வது ஒரு தடவை. 'லைப்ரரி' கட்டளை ஒவ்வொரு தடவையும். புத்தகத்தைக் கடையில் வாங்குவது ஒரு நாள், பீரோவிலிருந்து எடுப்பது தினமும்.

முதல் பயிற்சிக்கு எங்கேயும் தேட வேண்டியிருக்கவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. முப்பது குடும்பு, ஒவ்வொன்றிலும் தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். (35 வயது ஆனால்தான் ஓலையே உள்ளே போகும்!) அந்தச் சிறுவன் வேலையை ஆரில் 'சாம்பிள்' என்ற ஒரே கட்டளை செய்கிறது. வகுப்பில் எல்லோர் பெயரையும் டைப் அடித்து எடுக்கச் சொன்னேன். ஒரே சிரிப்பு.

"ஏன் சார், ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் வேற வேற பேர் வருது?" என்று ஒரு பையன் கேட்டான். வாய்ப்பு, நிகழ்தகவு என்று பாடம் தானாக ஆரம்பமாகிவிட்டது.

அந்த மாணவி மட்டும் திரும்ப வரவில்லை. 4.1.3ஐ அவர் தோழியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆர்-ஸ்டூடியோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆரின் சொந்த ஜன்னலே போதும் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். அடுத்த வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். இங்கே கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் கூட வந்தால், ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்துவிடலாம். பெயர் கொடுக்க நினைப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன் என்னைப் பாருங்கள்.